கடைசி 430 கி.மீ.யை இரண்டே நாளில் முடித்துவிடலாமா?

பிப்ரவரி 3, மாலை 6.40 (கேள்வி)

47 நாளாகத் தனியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறேன். 3,900 கி.மீ. ஆகிவிட்டது. பாக்கி 430. ஒரு நாளைக்கு 86 வீதம் ஐந்து நாள் என்பது திட்டம். ஆனால் நேற்றிலிருந்து எதுவுமே பிடிக்கவில்லை. கால் நன்றாக இருக்கிறது, மனசுதான் ஒட்டவில்லை. நல்ல இடம் வந்தால்கூட இறங்கிப் பார்க்கத் தோன்றுவதில்லை. 215, 215 என்று இரண்டு நாளில் அடித்து முடித்துவிட்டுத் தூங்கலாம் போலிருக்கிறது. கடைசி நாட்கள் எல்லாருக்கும் இப்படித்தானா?

பிப்ரவரி 3, இரவு 9.15 (பதில்)

வேண்டாம். ஐந்து நாளாகவே ஓட்டுங்கள்.

நான் மூன்று நீண்ட பயணம் தனியாகப் போயிருக்கிறேன். முதல் பயணம் 61 நாள், 5,140 கி.மீ. கடைசி மூன்று நாளை ஓட்டித் தள்ளினேன். கடைசி நாள் மட்டும் 187 கி.மீ. முதல் வாரத்தில் எந்த மரத்தடியில் டியூப் மாற்றினேன், எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தியது என்பதெல்லாம் இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கடைசி மூன்று நாளில் எதுவுமே நினைவில் இல்லை. தினமும் எழுதிக்கொண்டு வந்த நோட்டில் 59, 60, 61 என்று எண் மட்டும் போட்டிருக்கிறேன். கீழே வெறும் தாள். இரண்டு மாதம் உழைத்துச் சேர்த்ததன் கடைசி பக்கத்தை நானே கிழித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

உங்களுக்கு நடப்பது எல்லாருக்கும் நடப்பதுதான். கால் ஓய்வதற்கு முன்னால் மனசு வீட்டுக்குப் போய்விடும்.

பிப்ரவரி 3, இரவு 9.40

ஒன்று கேட்க விட்டுப்போனது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகிறதா? காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தான் போட்டுப் பாருங்கள். விரல் தடுமாறினால் ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் வெளி ஓரத்தை ஊன்றி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அந்த வழியாகப் போகும் நரம்பு மணிக்கட்டுப் பக்கம் அமுங்குகிறது. அந்தக் கையோடு ஒரு நாளில் 215 கி.மீ. போகக் கூடாது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் சமமாக்குங்கள். மூக்கு சாய்ந்தால் உடம்பு முன்னால் சரிந்து பாரம் முழுக்கக் கைக்குப் போகும்.

எனக்கும் வந்தது. ஊருக்குப் போன ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

பிப்ரவரி 4, காலை 7.05

மனசு முன்னால் ஓடுவதைப் பற்றி. அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1932இல் எலிகளை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். உணவு வைத்திருக்கும் முனையை நெருங்க நெருங்க எலியின் ஓட்டம் வேகம் எடுக்கும் என்பது அது. மனிதர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். முடிவு கண்ணுக்குத் தெரிகிறபோது வேகமாகப் போவது உடம்பில் ஊறிய பழக்கம். அதனால் உங்களுக்கு அவசரம் வருவது தவறு என்று சொல்லமாட்டேன். அவசரத்தைக் கேட்டு நடக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். சராசரி 20 கி.மீ. வேகத்தில் 215 கி.மீ. என்றால் பெடல் மட்டுமே பத்தே முக்கால் மணி நேரம். சாப்பிட, தண்ணீர் பிடிக்க, வழி கேட்க எல்லாம் சேர்த்தால் 14 மணி நேரம். இருட்டில் கிளம்பி இருட்டில் சேர வேண்டும். 24 வேகத்தில் போகலாமே என்றால் 20 சதவீதம் கூடுதல் உழைப்பு.

பிப்ரவரி 4, மதியம் 1.30

காலையில் எழுதிய 20 சதவீதம் தவறு. இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், அவர்கள் சொல்வதுதான் சரி.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை எதிர்த்துத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். 20இலிருந்து 24க்குப் போனால் 1.2 பெருக்கல் 1.2 பெருக்கல் 1.2, அதாவது சுமார் 1.73. காற்றைத் தள்ளும் பங்குக்கு மட்டும் ஒவ்வொரு நொடியும் 73 சதவீதம் கூடுதல் சக்தி. நேரம் குறைவதால் மொத்த தூரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 44 சதவீதம். சமதரையில் அந்த வேகத்தில் பெரும்பாலான உழைப்பு காற்றுக்குத்தான் போகிறது. நான்கு பை தொங்கும் சைக்கிள் என்றால் சொல்லவே வேண்டாம். எதிர்காற்று இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

47 நாள் ஓட்டிய கால் 'முடியும்' என்றுதான் சொல்லும். முதல் 120 கி.மீ. வரைக்கும் அது சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

பிப்ரவரி 4, இரவு 10.20

இன்றைக்கு 92 ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டேன் என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். மனசு நிறைந்தது. தூங்கப் போவதற்கு முன் ஒரு சம்பவம் எழுதிவிடுகிறேன்.

முதல் குறிப்பில் அந்தக் கடைசி மூன்று நாளில் எதுவும் நினைவில்லை என்றேன். அது உண்மையில்லை. ஒன்று இருக்கிறது. ஒரு போக்ஸ் கம்பி.

61ஆம் நாள், 97 கி.மீ. தாண்டியிருந்தேன். இன்னும் 90. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கேரியரில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து இன்னும் அரை கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம்தான் பிரேக் கட்டை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை உரசுவது காதில் விழுந்தது. சரக், சரக், சரக். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை ஒட்டி வளைகிற முழங்கையில் துண்டாக நிற்கிறது.

பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிதான் பெரும்பாலும் உடையும். பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இழுவிசையும் அவற்றில்தான் அதிகம். அன்றைக்கு நான் ஒரு குழியில் வேகமாக இறக்கியது உண்மை. ஆனால் அந்தக் குழியால் மட்டும் உடையவில்லை. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர் போகும். 5,000 கி.மீ.க்கு 23 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து ஒரு முறை இறுகுகிறது. உலோகம் அப்படித்தான் களைக்கும், வெளியே தெரியாமல். பயணத்தின் கடைசி நாட்களில் பொருட்கள் வரிசையாக உடைவதற்குக் காரணம் துரதிர்ஷ்டம் இல்லை. எல்லாமே ஒரே நாளில் கிளம்பி ஒரே தூரம் வந்தவை.

கையில் மாற்றுக் கம்பி மூன்று இருந்தது, சரியான நீளத்தில். ஆனால் வலப்பக்கத்தில் கம்பி கோக்க வேண்டும் என்றால் முதலில் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அந்தக் கருவியை 40ஆம் நாள் வாக்கில் பாரம் குறைக்கிறேன் என்று வீட்டுக்குப் பார்சல் போட்டிருந்தேன். சாலையோரம் உட்கார்ந்து, உடைந்த கம்பிக்கு இரண்டு பக்கமும் இருந்த இடப்பக்கக் கம்பிகளை அரைத் திருகு தளர்த்தினேன். ரிம் கொஞ்சம் நடுவுக்கு வந்தது. மறுபடி கால் திருகு. சுற்றிவிட்டுப் பார்ப்பேன், கோட்டம் முழுக்கப் போகாது. கடைசியில் பின்பிரேக்கின் கம்பியைக் கழற்றித் தொங்கவிட்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம் போய்விட்டது.

நான்கு கி.மீ. தள்ளி ஓர் ஊர் இருந்தது, படுக்க இடமும் இருந்தது. நிற்கவில்லை. 90 கி.மீ. முன்பிரேக்கை மட்டும் நம்பி, அதில் பாதியை இருட்டில், ஓட்டினேன். இறக்கத்தில் பாரம் ஏற்றிய சைக்கிளை முன்பிரேக்கில் மட்டும் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

பிப்ரவரி 4, இரவு 10.35

கருவியைக் கடைசி வரை வைத்திருங்கள். பாரம் குறைக்க வேண்டுமென்றால் துணியை அனுப்புங்கள்.

அப்புறம், செயின் தேய்ந்திருக்கிறதே, மாற்றிவிடட்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கடைசி வாரத்தில் வேண்டாம். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் போட்டால் அழுத்தும்போது பல் தாவும், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கையில் தாவினால் முட்டி ஹேண்டில்பாரில்தான் போய் இடிக்கும். பழையதும் பழையதும் சேர்ந்தே முடிக்கட்டும். எண்ணெய் மட்டும் விடுங்கள்.

பிப்ரவரி 5, காலை 6.50

மார்க் பியூமான்ட் நாளைக்கு 386 கி.மீ. ஓட்டினாரே, 215க்கு இவ்வளவு பயமா என்று ஒருவர் கேட்கிறார்.

2017இல் அவர் பாரிஸில் கிளம்பி உலகைச் சுற்றிப் பாரிஸிலேயே முடித்தார். 78 நாள் 14 மணி 40 நிமிடம். தினமும் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி, நான்கு மணி நேரம் வீதம் நான்கு பகுதி. கூடவே ஆட்கள், வண்டி, சாப்பாடு, மெக்கானிக் எல்லாம் இருந்தது. அந்தப் பயணத்தில் விழுந்து பல்லும் முழங்கையும் அடிபட்டும் ஓட்டினார். பெரிய சாதனை, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அவர் முதல் நாளிலிருந்தே 386க்குத் தயாரானவர். 86க்குப் பழகிய உடம்பை 48ஆம் நாள் 215க்குத் தள்ளுவது வேறு விஷயம்.

தனியாகப் போவதற்கு ஒப்பிட வேண்டுமென்றால் ஜென்னி கிரஹாமைச் சொல்லுங்கள். 2018இல் பெர்லினில் கிளம்பி பெர்லினில் முடித்தார், உதவிக்கு யாரும் இல்லாமல், எல்லாச் சாமானையும் தானே சுமந்து, 124 நாளில்.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது இன்னும் பழைய கதை. ஆனி லண்டன்டெரி என்ற பெயரில் 1894இல் பாஸ்டனிலிருந்து உலகப் பயணம் கிளம்பிய பெண்மணி. எத்தனையோ நாடு, கடல் தாண்டி அமெரிக்காவுக்குத் திரும்பி வந்து, முடிவிடமான சிகாகோவுக்குப் பக்கத்து மாநிலமான ஐயோவாவில் பன்றிக் கூட்டத்தில் மோதி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. 1895 செப்டம்பரில் கட்டுப் போட்ட கையோடு சிகாகோ சேர்ந்தார். உலகமெல்லாம் சுற்றி வந்தவருக்குக் கடைசிப் பகுதியில்தான் கை முறிய வேண்டுமா என்று படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

பிப்ரவரி 5, இரவு 9.50

இன்று மாலை முழுக்க ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் பாதிதான்.

நான் ஏன் அந்த ஊரில் நிற்கவில்லை? எலியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் எழுதினேனே, காரணம் அதெல்லாம் இல்லை. வீட்டில் தேதி சொல்லியிருந்தேன். 61ஆம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்று பத்து நாள் முன்பே சொல்லிவிட்டேன். அண்ணன் வேலைக்கு விடுப்புப் போட்டு, முடிவிடத்துக்கு வந்து காத்திருந்தான். நடுவில் இரண்டு நாள் மழை, ஒரு நாள் வயிற்றுக்கோளாறு. பின்தங்கிய தூரத்தையெல்லாம் கடைசி மூன்று நாளில் ஈடுகட்டப் பார்த்தேன். 187 அப்படி வந்த எண். கம்பி உடைந்த பிறகு ஒரு தடவை பேசினேன், 'கொஞ்சம் தாமதமாகும்' என்று மட்டும். அப்புறம் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இரவு 11.15க்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் ஒரு துண்டு, புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் வந்ததும் முகம் துடைக்கக் கொடுக்கலாம் என்று வாங்கி வந்திருக்கிறான். எழுப்பினேன். என்னைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, 'விழுந்துட்டியா?' நான் 'இல்லை' என்றேன். அவ்வளவுதான் பேசினோம். ஆறு மணி நேரம் அவன் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று இப்போது எழுதும்போதும் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் கேட்டவரே, உங்களை இரண்டு நாளில் முடிக்கச் சொல்வது உங்கள் மனசா, யாருக்காவது கொடுத்த தேதியா என்று பாருங்கள். தேதி என்றால் இன்றைக்கே போன் செய்து மாற்றுங்கள். என் கருத்து, முடியும் தேதியை யாருக்கும் சொல்லவே கூடாது.

பிப்ரவரி 6, காலை 7.20

தேதி எதுவும் இல்லை, யாரும் வரப் போவதும் இல்லை, அதுதான் பிரச்சினையோ என்னவோ என்று கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்.

படித்ததும் என்னுடைய இரண்டாவது பயணம் கண்முன்னால் வந்தது. முதல் பயணத்தில் பட்ட பாட்டால் அந்தத் தடவை யாரிடமும் மூச்சுவிடவில்லை. 38 நாள். கடைசி நாட்களை நிதானமாகத்தான் ஓட்டினேன். முடிவிடத்துக்கு 14 கி.மீ. முன்னால் வேண்டுமென்றே ஓர் இரவு தங்கினேன், காலையில் புதிதாக முடிக்கலாம் என்று. எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடல். படித்துறை. இரண்டு பேர் நடைப்பயிற்சி போனார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். 38 நாளும் காலையில் செய்தது அது. இருந்தது. பிறகு ஒருவரைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி தெரிந்தபோது அண்ணனுக்கு வருத்தம். 'போன தடவை தூங்கிட்டேன்னுதான் இந்தத் தடவை சொல்லலையா?' என்று கேட்டான்.

ஆக, நேற்று இரவு எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லுங்கள். ஒரு தேதியாகச் சொல்லாதீர்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளியாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் என்று. முந்தின இரவு தங்கும் இடத்திலிருந்து பேசினால் நேரத்தையும் சொல்லிவிடலாம். மூன்றாவது பயணத்தில் அப்படித்தான் செய்தேன். நீங்கள் முடிக்கும் இடத்துக்கு இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒரே ஒரு ஆள் உங்கள் நினைவுக்கு வந்தால், நெருங்கிய நண்பராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 8.30

முதல் நாள் 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் அடித்துவிட்டேன். மூன்றாவது பயணம் பற்றி எழுதிய பிறகு அதையும் கொஞ்சம் தளர்த்தியாக வேண்டும்.

அந்தப் பயணத்தின் கடைசி நாள் நானும் நீளமாகத்தான் ஓட்டினேன். 140 கி.மீ. இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டியது. நான்கு நாள் மழையில் கூடாரமும் சாக்ஸும் நாறிப்போய்க் கிடந்து, ஐந்தாம் நாள் காலை வெயில் வந்தது. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கியிருந்தேன். காற்று முதுகுப் பக்கம். 70 கி.மீ.யில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு மதியத்துக்கு முன்பே வந்துவிட்டேன். சாப்பிட்டேன், அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன், அப்புறமும் போகத் தோன்றியது. அண்ணனுக்குப் போன் செய்து 'இன்றைக்கே வரட்டுமா?' என்று கேட்டேன். 'வாயேன், நான் ஆறு மணிக்குக் கிளம்பறேன்' என்றான். அந்த 140 கி.மீ.யில் ஒவ்வொரு வளைவும் எனக்கு நினைவில் இருக்கிறது.

இரண்டு நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். வேகம் இல்லை. 187க்கு முந்தின இரவே முடிவு செய்துவிட்டேன், தூக்கமும் ஐந்து மணி நேரம்தான், காற்று எப்படி என்றுகூடப் பார்க்கவில்லை. 140ஐ மதியம், வயிறு நிறைந்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது முடிவு செய்தேன். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நிலைமையும் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போது, தின்றுவிட்டு, பாதி வழியில் முடிவு செய்யுங்கள். அப்போதும் போகத் தோன்றினால் போங்கள். முந்தின இரவு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு எடுக்கும் முடிவை மட்டும் நம்பாதீர்கள்.

பிப்ரவரி 7, காலை 6.30

கேட்டவருக்கு இன்னும் 130 கி.மீ.யை ஒட்டி இருக்கும். முடித்ததும் சைக்கிளைப் பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்ப வேண்டுமாம், கேட்டிருக்கிறார். சட்டென்று சொல்லிவிடுகிறேன்.

இடப்பக்கப் பெடலின் திருகு மரை தலைகீழ். மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. மனசில் நிறுத்த எளிய வழி: ஸ்பானரை மேல்நோக்கி நிற்க வைத்து, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். 50 நாள் அழுத்தி மிதித்தது இறுகித்தான் இருக்கும், கடைசி நாளில் போராடாமல் இன்றைக்கே ஒரு தடவை தளர்த்திக் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டிவிடுங்கள். சீட்டை இறக்கும் முன் எந்த உயரத்தில் இருந்தது என்று ஒட்டு நாடா சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ஓட்டையிலேயே திரும்ப முடுக்கிவிடுங்கள், பைக்குள் போட்டால் ஒன்று காணாமல் போகும். முன்சக்கரம் மாட்டும் கவட்டைக்கு நடுவில் ஒரு கட்டை செருகுங்கள், இல்லாவிட்டால் பெட்டி நசுங்கும்போது அதுவும் நசுங்கும். பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாகக் கேள்வி இல்லை. 3.7 வோல்ட்டில் 27,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் அந்த எல்லை.

பிப்ரவரி 7, இரவு 9.00

நாளை முடிக்கிறீர்கள். இன்றிரவு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு பழைய விஷயம் மட்டும்.

தாமஸ் ஸ்டீவன்ஸ், பெரிய முன்சக்கரமும் குட்டிப் பின்சக்கரமும் வைத்த சைக்கிளில் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியவர். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள். சீனாவில் கூட்டத்திடம் மாட்டிப் பெரும் பாடு பட்டார். அதற்கு அடுத்தது ஜப்பான், அங்கே வழி நிம்மதியாக அமைந்தது. 1886 டிசம்பர் 17ஆம் தேதி யோகோஹாமா சேர்ந்தார். அதற்கப்புறம் கடல்தான், கப்பலில் ஊர் திரும்பினார். இரண்டு வருஷம் எட்டு மாதம் பயணத்தில் இருந்தவர் கடைசி மேட்டில் அந்த உயரமான சீட்டிலிருந்து இறங்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று பல தடவை கற்பனை செய்திருக்கிறேன்.

சாமான் கட்டும்போது கூடாரத்தைச் சுருட்டும் வேகத்தைப் பாருங்கள். முதல் நாள் எவ்வளவு நேரம் ஆனது, இன்றைக்கு எவ்வளவு? நான் முதல் நாள் 50 நிமிடம் தடுமாறினேன், கடைசி நாள் 11 நிமிடம். கைக்குத் தெரிந்த வேலை அது. நாளை மறுநாள் தேவைப்படாது.

பிப்ரவரி 8, இரவு 7.45

முடித்துவிட்டாராம். 48 கி.மீ.தான் கடைசி நாளுக்கு வைத்திருந்தார். சின்ன வயதில் கூடப் படித்தவர் ஒருவர், எட்டு வருடமாகப் பேச்சே இல்லை, கூப்பிட்டதும் வந்து நின்றாராம். வேறெதுவும் எழுதவில்லை, அது போதும்.

பிப்ரவரி 12, காலை 8.10

நேற்றிலிருந்து அழுகை வருகிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

வரும். 52 நாள் ஒவ்வொரு காலையும் செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதுவும் தெளிவாக இருந்தது. இப்போது இல்லை. உடம்பும் குழம்பும். பசி மட்டும் பழையபடியே இருக்கும், செலவு இருக்காது. நீண்ட பயிற்சியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும், நிறுத்திய முதல் இரண்டு வாரத்தில் அது குறையும். மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கும், என்ன இது மலை ஏறியவனுக்கு என்று தோன்றும். பெரும்பாலும் ஆபத்து ஒன்றும் இல்லை. ஒரேயடியாக நிறுத்தாமல் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், பை எதுவும் மாட்டாமல். சைக்கிள் காற்றாகப் போகும், ஆடும்கூட, முதல் நாள் பயமாக இருக்கும்.

மூன்று வாரம் கழித்தும் மனசு மேலே வரவில்லை, தூக்கம் இல்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். பயணம் முடிந்த சோகம்தானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஹெய்ன்ஸ் ஷ்டூக்கே என்ற ஜெர்மானியர் 1962இல் கிளம்பி 2014இல்தான் சொந்த ஊர் திரும்பினார். ஆறு லட்சம் கி.மீ.க்கு மேல். அவருடைய முதல் ஒரு வாரம் வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 2, மாலை 5.30

ஒரு திருத்தம், முக்கியமானது. விரல் மரத்துப் போவது ஒரு வாரத்தில் சரியாகும் என்று பிப்ரவரி 3 இரவு எழுதியிருந்தேன். மூன்று வாரமாகியும் போகவில்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஏழு வாரம் ஆகியிருக்கிறது. நல்லபடியாக முடிந்ததால் நினைவில் சுருங்கிவிட்டது போல. மரப்பு மட்டும் இருந்தால் பொறுக்கலாம், சாவி திருப்பும்போது வலு இல்லை, விரல்களை விரிக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். அவசரத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள்.

அந்த நோட்டை எடுத்த கையோடு 59, 60, 61க்குக் கீழே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 59க்கும் 60க்கும் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. 61க்குக் கீழே துண்டைப் பற்றி எழுதினேன். அண்ணனுக்குப் போன் செய்து அது என்ன நிறம் என்று கேட்டேன். நீலம் என்றான். நான் பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். பின்சக்கரத்தில் 32 கம்பி. வலப்பக்கத்தில் ஒன்று மட்டும் மற்றதைவிடப் பளபளப்பாக இருக்கிறது, வால்வுக்கு அடுத்த மூன்றாவது.